சொல்லாதவருக்கு என்ன கரை?

(மூன்றாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவி, ஐயங்கார்குளம்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவை நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதி நாலையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது, இந்த வருஷம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் ஒன்றுதான். அதில் ஒரே ஒரு விஷயத்துக்காக மூன்று வாரம் சண்டை போட்டோம். அந்தச் சண்டையைப் பற்றியே எழுதிவிடுகிறேன். படிப்பவர்களில் முதலாண்டு தம்பி தங்கைகளும், சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் இருப்பீர்கள். அதனால் அடியிலிருந்து சொல்கிறேன். கணினிப் பிரிவு நண்பர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

காம்பொனென்ட் லைப்ரரி என்பது என்ன?

வீடு கட்டும்போது கதவு, ஜன்னல், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் நாமே மரம் அறுத்துச் செய்வதில்லை. செய்து வைத்ததை வாங்கி வந்து பொருத்துகிறோம். இணையப் பக்கமும் அப்படித்தான். எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அமுக்கும் பொத்தான், எழுதும் பெட்டி, தேர்ந்தெடுக்கும் பட்டியல், தேதிக் கட்டம், எச்சரிக்கைச் செய்தி, அட்டவணை என்று பத்து இருபது சாமான்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இவற்றை ஒருமுறை ஒழுங்காகச் செய்து ஒரு தொகுப்பாக வைத்துவிட்டால், அடுத்தவர் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம். இந்தத் தொகுப்புக்குத்தான் காம்பொனென்ட் லைப்ரரி என்று பெயர்.

இதில் உலகமெல்லாம் பேர் வாங்கியது பூட்ஸ்ட்ராப். ட்விட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த மார்க் ஓட்டோ, ஜேக்கப் தார்ன்டன் என்ற இருவர் உருவாக்கி, 2011 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். 2014-ல் கூகிள் நிறுவனம் மெட்டீரியல் டிசைன் என்ற தோற்ற விதிகளை அறிவித்தது. அதை வைத்தும் பல லைப்ரரிகள் வந்தன. நம்ம ஊர்ப் பக்கமும் சும்மா இல்லை. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனம், கிரேயான்ஸ் என்ற பெயரில் தன் லைப்ரரியை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து கொடுத்திருக்கிறது. வெளியார் எழுதிச் சேர்க்கும் செயலிகளும் அந்த நிறுவனத்து சாஃப்ட்வேரின் சாயலிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

எங்களுடையது இவற்றின் பக்கத்தில் நிற்கவே முடியாத சின்னத் தொகுப்பு. மொத்தம் பதினோரு சாமான். ஆனால் தமிழில் படிவம் போடுபவர்களுக்காக என்றே செய்தது.

டீஃபால்ட் என்பது என்ன?

ஒரு லைப்ரரியை எடுப்பவர், 'எனக்குப் பச்சை நிறம் வேண்டும், எழுத்து பெரிசாக வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே மாறும். ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டால்? அப்போதும் பொத்தான் ஏதோ ஒரு நிறத்தில், ஏதோ ஒரு அளவில் தெரிந்துதான் ஆக வேண்டும். அந்தச் சொல்லாத நிலையில் வரும் தோற்றம்தான் டீஃபால்ட். தமிழில் இயல்புநிலை என்றும் முன்னிருப்பு என்றும் எழுதுகிறார்கள்.

இது மூன்று அடுக்காக வேலை செய்கிறது. அடியில் இருப்பது உலாவியின் சொந்தத் தோற்றம். நாம் ஒரு வரி அலங்காரமும் எழுதாவிட்டாலும், உலாவி சாதாரண எழுத்தை 16 பிக்சலில் காட்டும். இணைப்பை நீலத்தில் அடிக்கோடு போட்டுக் காட்டும். 1993-ல் வந்த மொசைக் உலாவியின் காலத்திலிருந்து அந்த நீலம் தொடர்கிறது. அதற்கு மேல் அடுக்கு, லைப்ரரி எழுதி வைத்த தோற்றம். அதற்கும் மேலே, பக்கம் செய்பவர் தன் இஷ்டத்துக்கு எழுதுவது. ஒரே பொத்தானுக்கு மூவரும் மூன்று நிறம் சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்று தீர்மானிப்பது சி.எஸ்.எஸ். என்ற விதிமுறை. இதை 1994-ல் ஹோகோன் வியூம் லீ என்பவர் முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் தரநிலை ஆனது. சாதாரணமாக மேல் அடுக்கு சொன்னதுதான் நிற்கும். மேல் அடுக்கில் ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால், லைப்ரரிக்காரர் நினைத்ததுதான் கடைசியில் படிவம் நிரப்புகிறவர் கண்ணுக்குப் போய்ச் சேரும்.

எங்கள் மூன்று வாரச் சண்டை இந்த நடு அடுக்கைப் பற்றியதுதான்.

மூன்று பேர், மூன்று கட்சி

செய்யாறு பக்கத்திலிருந்து வரும் நண்பனுக்குத் தோற்றம் நவீனமாக இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணி, மெல்லிய சாம்பல் கோடு, மாத்திரை மாதிரி வளைந்த பொத்தான். கம்பெனி இன்டர்வியூவில் காட்டினால் அசந்துவிடுவார்கள் என்றான். அவன் செய்து காட்டியது நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

வாலாஜாபாத் தோழி, தோற்றமே வேண்டாம் என்றாள். "நடத்தையை மட்டும் நாம செய்வோம். நிறம், கோடு எல்லாம் எடுக்கறவங்க போட்டுக்கட்டும்டி." அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. தோற்றமே இல்லாமல் வரும் லைப்ரரிகள் இப்போது நிறைய இருக்கின்றன. டெயில்விண்ட் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஹெட்லெஸ் யு.ஐ. அந்த வகைதான். ஆனால் அவை தனியாக ஒரு டிசைனரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் இடத்துக்குச் சரி. எங்கள் தொகுப்பை எடுக்கப்போவது யார்? அடுத்த வருஷத்து மாணவன், ஒரு டியூஷன் சென்டர், ஒரு சின்ன சங்கம். அவர்களிடம் தோற்றம் இல்லாத பொத்தானைக் கொடுத்தால் அது உலாவியின் பழைய சாம்பல் பொத்தானாகவே நின்றுவிடும். ஒன்றும் தேர்ந்தெடுக்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான்.

"எப்படி இருந்தா என்ன, வேணும்னா மாத்திக்கலாமே?" என்று இரண்டு பேருமே கேட்டார்கள். மாற்ற மாட்டார்கள் என்பதற்கு பூட்ஸ்ட்ராப்பே சாட்சி. அது வந்த புதிதில், மேலே ஒரு கறுப்புப் பட்டை, நடுவில் பெரிய தலைப்பு, கீழே நீலப் பொத்தான் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே முகமாக இருந்ததாம். 'இது பூட்ஸ்ட்ராப் பக்கம்' என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்களாம். மாற்றும் வசதி முதல் நாளிலிருந்தே இருந்தது. பெரும்பாலோர் தொடவில்லை. தொட நேரமில்லை, தெரியவில்லை, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

என் கட்சி எது என்று சொல்லும் முன்பு ஒரு வீட்டு விஷயம் சொல்ல வேண்டும்.

அப்பாவின் படிவம்

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான்தான் முதல். அப்பா பட்டுத் தறி நெய்கிறார். நான் ஒன்பதாவது படித்தபோது, ஓர் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கடைசி நாள் சாயந்திரம், பிரவுசிங் சென்டரில் ஒரே கூட்டம். கடைக்கார அண்ணன் ஆதார் எண், வங்கி எண் எல்லாம் அடித்துக் கொடுத்துவிட்டு, "கடைசி பட்டனை அமுக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

கீழே இரண்டு பொத்தான்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே சாம்பல் நிறம், ஒட்டி ஒட்டி இருந்தன. ஒன்று 'சமர்ப்பி', இன்னொன்று 'ரத்து செய்'. 'கடைசி' என்று சொன்னார் அல்லவா, அப்பா கடைசியில் இருந்ததை அமுக்கினார். எழுதியதெல்லாம் அழிந்து, வெறும் படிவம் வந்து நின்றது. திரும்ப அடிக்க ஆரம்பிப்பதற்குள் கரண்ட் போயிற்று. அந்த வருஷம் பணம் வரவில்லை.

பணம் வராதது கூட எனக்கு மறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பா சொன்னதுதான் மறக்கவில்லை. "தப்பு என்னுதுதான். படிச்சிருந்தா ஒழுங்கா அமுக்கியிருப்பேன்."

அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அந்த இரண்டு பொத்தான்களும் ஒரே மாதிரி இருந்தது யாரோ வேண்டுமென்று செய்ததாகக் கூட இருக்காது. ஏதோ ஒரு லைப்ரரியில் எல்லாப் பொத்தானும் டீஃபால்ட்டாக ஒரே சாம்பல் நிறமாக இருந்திருக்கும். பக்கம் செய்தவர் ஒன்றும் சொல்லாமல் விட்டிருப்பார். எங்கோ உட்கார்ந்து ஒருவர் யோசிக்காமல் விட்டது, இங்கே படிக்காத ஒருவர் தலையில் 'தப்பு' என்று வந்து விழுந்தது.

அப்பாவிடம் கேட்ட கேள்வி

சண்டை ஓயாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறிப் பக்கம் உட்கார்ந்து அப்பாவிடம் கேட்டேன். "கல்யாண ஆர்டர்னா மயில் போடு, அன்னம் போடு, ருத்ராட்சம் போடுன்னு சொல்லிடறாங்க. ஒண்ணுமே சொல்லலைன்னா எந்தக் கரை போடுவீங்கப்பா?"

அப்பா நாடாவை நிறுத்தாமலே சொன்னார். "சொல்றவங்களுக்கு என்னம்மா, அவங்க இஷ்டம். அவங்க பாத்துப்பாங்க. சொல்லாம வுட்டதுக்குத்தான் கவனமா போடணும். யார் கட்டப்போறாங்கன்னே நமக்குத் தெரியாதே. வயசானவங்களும் கட்டணும், சின்னப் பொண்ணும் கட்டணும். தூர நின்னு பாத்தாலும் கரை எது, உடம்பு எதுன்னு தெரியணும்."

மறுநாள் லேபில் இதை அப்படியே சொன்னேன். செய்யாறு நண்பன், "அப்ப யார் கட்டறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான். அவன் செய்த அழகான தோற்றத்தையே போனில் ஏற்றி எங்கள் ஊருக்கு எடுத்துப் போனோம்.

ஊரில் காட்டியபோது

முதலில் அம்மா. பெட்டிக்குள்ளேயே வெளிர் எழுத்தில் 'உங்கள் பெயர்' என்று போட்டிருந்தோம். அம்மா பார்த்துவிட்டு, "இதுல ஏற்கெனவே எழுதியிருக்கே, நான் எங்க எழுதறது?" என்றார். தொட்டதும் அந்த எழுத்து மறைந்துவிட்டது. "அய்யய்யோ, அழிச்சிட்டேனா?" என்று கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா. கோடு மட்டும் போட்ட வளைந்த பொத்தானை அலங்காரம் என்று நினைத்துவிட்டார். "பட்டன் எங்கடி இருக்குது?" என்று அதன் மேலேயே விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

பிறகு பஸ் நிறுத்தத்தில், உச்சி வெயிலில், மளிகைக் கடை அண்ணனிடம் காட்டினோம். போனைச் சாய்த்துப் பார்த்தார், கையால் நிழல் கட்டிப் பார்த்தார். "வெள்ளையா இருக்குதே, ஒண்ணும் வரலையா?" என்றார். லேபில் ஏ.சி. அறையில் நாங்கள் ரசித்த மெல்லிய சாம்பல் கோடு, சித்திரை வெயிலில் காணாமலே போயிருந்தது.

எங்கள் ஊர் நடவாவிக் கிணற்றுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் எழுந்தருளும் இடம். வெயிலிலிருந்து படி இறங்கி, பூமிக்கு அடியில் இருக்கும் மண்டபத்துக்குப் போக வேண்டும். கண் இருட்டுக்குப் பழகும்வரை ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு படியும் எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியும்படி விளிம்பு இருக்கிறது. அதனால்தான் பாட்டிமாரும் இறங்குகிறார்கள். எங்கள் படிவத்தில் விளிம்பே இல்லை. அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் பேசவில்லை. சண்டை மட்டும் அத்தோடு முடிந்தது.

நாங்கள் தேர்ந்தெடுத்தவை

அதன் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். காரணத்தோடு எழுதுகிறேன். உங்கள் புராஜெக்டுக்கும் உதவலாம்.

1. எழுத்துரு: பூட்ஸ்ட்ராப்பின் மூன்றாம் பதிப்பில் டீஃபால்ட் எழுத்துரு ஹெல்வெடிகா நியூ, ஹெல்வெடிகா, ஏரியல். இவை மூன்றிலும் தமிழ் எழுத்து கிடையாது. அப்போது உலாவி தானாக வேறு ஒன்றைத் தேடி எடுக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டம் கட்டமாக வரும். அந்தக் கட்டத்துக்கு டோஃபு என்று பட்டப்பெயர். 'நோ டோஃபு' என்பதிலிருந்துதான் கூகிளின் நோட்டோ எழுத்துருவுக்கே பெயர் வந்தது. 2025 பிப்ரவரியில் மத்திய அரசு தன் இணையதளங்களுக்காக வெளியிட்ட கையேடும் நோட்டோ சான்ஸ் எழுத்துருவைத்தான் சொல்கிறது. நாங்கள் தமிழ் எழுத்துருக்களின் பெயரை வரிசையாக எழுதினோம்: ஆண்ட்ராய்டு போனுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், புது விண்டோஸுக்கு நிர்மலா, ஆப்பிளுக்கு முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி, பழைய விண்டோஸுக்கு லதா. எல்லாம் அந்தந்தக் கருவியில் ஏற்கெனவே இருப்பவை. தனியாக டவுன்லோடு செய்ய டேட்டா செலவாகாது.

2. அளவும் வரி இடைவெளியும்: பூட்ஸ்ட்ராப் மூன்றில் எழுத்து 14 பிக்சல். 2018 ஜனவரியில் வந்த நான்காம் பதிப்பில்தான் 16 ஆக்கினார்கள். தமிழில் ஞ, ணி, ழு போன்ற எழுத்துக்களில் சுழி அதிகம். சின்ன அளவில் மை அப்பியது மாதிரி ஆகிவிடும். நாங்கள் 18 வைத்தோம். அப்புறம், தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும். 'கீ' என்பதன் சுழி மேலே போகும், 'மூ' என்பதன் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த நெருக்கமான வரியில், மேல் வரியின் வாலும் கீழ் வரியின் சுழியும் இடித்துக்கொள்ளும். மெட்டீரியல் டிசைனும் இந்திய மொழி எழுத்துக்களை உயரமான எழுத்து வகையில் சேர்த்து, கூடுதல் வரி உயரம் கொடுக்கச் சொன்னது. நாங்கள் எழுத்து அளவைப்போல் 1.7 மடங்கு வைத்தோம். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருந்தால் இது தானாகவே வரும்.

3. தமிழில் இல்லாததை நம்பாதது: ஆங்கிலத்தில் முக்கியமானதைக் காட்டப் பெரிய எழுத்தில் போடுவார்கள். மெட்டீரியல் டிசைன் பொத்தான்கள் பல வருஷம் அப்படித்தான் இருந்தன. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? அதே போல் பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து தனியாகக் கிடையாது. உலாவியே பிடித்துச் சாய்த்துவிடும், பார்க்கச் சகிக்காது. எனவே முக்கியத்தைத் தடிமனாலும் நிறத்தாலும் மட்டுமே காட்டினோம். பொத்தானின் அகலத்தையும் கட்டிப் போடவில்லை. 'சரி' என்பதும் பொத்தான்தான், 'சமர்ப்பிக்கவும்' என்பதும் பொத்தான்தான். வார்த்தைக்குத் தக்கபடி அது நீள வேண்டும்.

4. நிறமும் எடுப்பும்: எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் எண்ணாக அளக்கலாம். வெள்ளையில் கறுப்பு என்றால் 21. வெள்ளையில் வெள்ளை என்றால் 1. சர்வதேச இணைய அணுகல் நெறிகளின்படி சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். #777777 என்ற சாம்பல் நிறம் வெள்ளையில் 4.48-தான் வரும், தேறாது. ஒரு படி இருட்டாக்கி #767676 என்றால் 4.54, தேறிவிடும். நம்ம பரீட்சை மாதிரியேதான்! நாங்கள் விளிம்பில் பாஸ் ஆக விரும்பவில்லை. பொத்தானுக்கு 8-க்கு மேல் வரும் நிறமாகப் பார்த்தோம். எனக்கு அரக்கு நிறம் வைக்க ஆசை. எங்கள் ஊர்ப் பட்டின் நிறமாயிற்றே! ஆனால் படிவத்தில் சிவப்பு என்றால் தப்பு என்று அர்த்தம் ஆகிவிட்டது. அதனால் அரக்கை விட்டு, மயில்கழுத்து நீலத்தில் கொஞ்சம் இருட்டான ஒன்றை எடுத்தோம். பிழைச் செய்தியையும் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல், பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டு, என்ன பிழை என்று வார்த்தையிலும் எழுதினோம். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் உண்டு.

5. பெட்டிக்குக் கரை: இங்கேதான் எங்களுக்குத் துணையாகப் பெரிய இடத்துக் கதை ஒன்று கிடைத்தது. 2014-ல் மெட்டீரியல் டிசைன் வந்தபோது எழுதும் இடத்துக்குப் பெட்டியே கிடையாது, கீழே ஒரு கோடு மட்டும். பிறகு ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்ததில் நாலு பக்கமும் அடைத்த பெட்டிதான் எளிதாகப் புரிகிறது என்று தெரிந்தது. 2018-ல் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் அம்மா சொன்னதைத்தான் அவர்கள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்கள்! நாங்கள் 2 பிக்சல் தடிமனில் இருட்டான கரை போட்டோம். 'உங்கள் பெயர்' என்பதைப் பெட்டிக்கு வெளியே, மேலே வைத்தோம். எழுதும்போது அது மறையாது.

6. விரலுக்கு இடம்: 2023 அக்டோபரில் வந்த அணுகல் நெறிகள், தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் இருக்க வேண்டும் என்கின்றன. மெட்டீரியல் டிசைன் 48 சொல்கிறது. நெசவு வேலை, வயல் வேலை செய்த விரல்களை நினைத்து நாங்கள் 48 எடுத்தோம்.

7. இரண்டு பொத்தான்: இதை மட்டும் நானே எழுதினேன், யாரையும் தொட விடவில்லை. 'அனுப்பு' என்பது முழுதும் நிறம் நிரப்பிய பொத்தான். 'வேண்டாம்' என்பது வெறும் எழுத்து, தள்ளி இருக்கும். அதை அமுக்கினாலும் உடனே அழியாது, 'எழுதியதை அழிக்கட்டுமா?' என்று ஒரு தடவை கேட்கும். இவை இரண்டும் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால், பக்கம் செய்பவர் மெனக்கெட்டு எழுதித்தான் மாற்ற வேண்டும். சோம்பேறித்தனத்தால் அந்தத் தப்பு நடக்காது.

பிறகு மாற்றிக்கொள்ளலாமே?

மாற்றலாம், ஆனால் லேசில் முடியாது. மெட்டீரியல் விதிகளை வைத்து வந்த எம்.யு.ஐ. என்ற லைப்ரரி, எழுதும் பெட்டியின் டீஃபால்ட்டைக் கீழ்க்கோட்டிலிருந்து நாலு பக்கக் கரைக்கு மாற்றியது 2021-ல், ஐந்தாம் பதிப்பில். அதற்குள் எத்தனையோ பக்கங்கள் அந்த லைப்ரரியை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று மாற்றினால் எல்லோர் பக்கமும் ஒரே நாளில் முகம் மாறிவிடும். அதனால் பழைய தோற்றமே வேண்டும் என்பவர்களின் நிரலில் அதைத் தானாக எழுதிச் சேர்க்க ஒரு கருவியையும் கூடவே கொடுத்தார்கள்.

தமிழுக்கும் இது புதுசில்லை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. இன்றைக்கு நாம் இயல்பு என்று நினைக்கும் 'லை', ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்து தீர்மானித்ததுதான். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து, தமிழ்99 விசைப்பலகையை அரசு தரநிலை ஆக்கியதும் அப்படியே. அதற்கு முன்பு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசை. ஒரு டி.டி.பி. சென்டரில் அடித்தது அடுத்த சென்டரில் திறக்காது. இயல்பு என்று ஒன்று தானாக முளைப்பதில்லை. ஒருவர் முடிவு செய்கிறார், மற்றவர்கள் அதிலேயே வாழ்கிறார்கள்.

இன்னும் சரியாகாதவை

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். அட்டவணை இன்னும் சின்னப் போனில் பக்கவாட்டில் ஓடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கியதால் படிவம் நீண்டுவிட்டது. கீழே இன்னும் இருக்கிறது என்று தெரியாமல் பெரியம்மா பாதியிலேயே போனை வைத்துவிட்டார். எழுத்தே படிக்காதவர்களுக்கு எந்த நிறமும் எந்தக் கரையும் உதவாது. அதற்குப் பேசும் படிவம் வேண்டும், அது எங்கள் கைக்கு மீறியது. செய்யாறு நண்பன், "பாக்க அரசாங்க ஃபாரம் மாதிரி இருக்கு" என்று இன்னும் குறை சொல்கிறான். அவன் தோற்றத்தையும் விடவில்லை. 'மெல்லிசு' என்று பெயர் வைத்து இரண்டாவது தோற்றமாக உள்ளேயே வைத்திருக்கிறோம். வேண்டும் என்பவர் ஒரு வரி எழுதினால் வந்துவிடும். எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.

போன மாதம் ஒரு மாதிரிப் படிவத்தைப் போனில் ஏற்றி அப்பாவிடம் கொடுத்தேன். நான் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பெயர், ஊர், தறி எண்ணிக்கை என்று மெதுவாக ஒவ்வொன்றாக அடித்தார். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தப்பாகி, அழித்துத் திரும்ப அடித்தார். கடைசியில் நீலப் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோய்விட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அமுக்கினார். 'அனுப்பியாயிற்று' என்று வந்தது.

"அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். தறிக்குப் போய்விட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். நாளைக்கு நாம் செய்யும் மென்பொருளோ, மெஷினோ, கட்டடமோ, அதில் ஒன்றும் கேட்காமல் வந்து நிற்பவர் ஒருவர் இருப்பார். கேட்டவருக்குக் கேட்டதைச் செய்துவிடலாம். கேட்காதவருக்கு என்ன செய்து வைத்தோம் என்று அடுத்த புராஜெக்டில் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். எங்கள் தொகுப்பு கணினி லேபில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறோம். அந்த அட்டவணையை முதலில் சரிசெய்கிற தம்பி தங்கைக்கு எங்கள் மூவரின் செலவில் டீயும் சமோசாவும் உண்டு.